அண்ணி பார்த்த நாடி

“சாக்ஸ கயட்டு தம்பி” என்று அண்ணி என் காலைப் பிடிக்க வந்தாள். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என் அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்து அன்று நான்காம் நாள். முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பி, உள்ளே உறைந்த ரத்தம் கீழே இறங்கி அடைத்துக்கொண்டு, பாதம் ஜில்லிட்டுப் போயிருந்தது. இன்னும் அரை நாள் போயிருந்தால் காலையே எடுத்திருப்பார்கள்.

பாதத்தில் நாடி துடிக்கும் இடத்தில் நர்ஸ் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தாள். அங்கேதான் வந்தது வினை.

அண்ணி யாரையும் விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர், டீக்காரர், வாட்ச்மேன் என்று எல்லோர் காலிலும் பெருக்கல் குறி.

டாக்டரும் சும்மா இருக்கவில்லை. கூடப் பிறந்தவர்களுக்கும் இது வரலாம், தம்பியையும் பார்க்கணும் என்று சொல்லித் தொலைத்தார்.

நான் கல்பாக்கத்தில் ஊழியர் பஸ் ஓட்டுகிறவன். டூட்டிக்கு நேரமாச்சு என்று இரண்டு நாள் ஓட்டினேன். பிறகு சம்பிரதாயம் கைகொடுத்தது. அண்ணி அம்மாவுக்குச் சமம். அவள் என் காலைத் தொட்டால் பாவம் யாருக்கு?

கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் சிரித்தார். “டேய் அருணகிரி, அவ உன் கால தொட வேணாம். நீ அவ கால்ல வுயுந்து ஆசீர்வாதம் வாங்கிக்க. அதுல இன்னா பாவம் கீது?”

மறுக்க வழியில்லை. வார்டே வேடிக்கை பார்க்க, நெடுஞ்சாண்கிடையாகக் குப்புற விழுந்தேன்.

தலையில் கை விழும் என்று காத்திருந்தேன். கை முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. பேண்ட்டுக்கு மேலேயே விரல்கள் அழுத்தின.

“மாட்டினியா!” என்று அண்ணி சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார்.

சிரிப்பு பாதியில் நின்றது. விரல்களை மட்டும் அவள் எடுக்கவில்லை. என் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ தொம் தொம் என்று அவள் கையை முட்டித் தள்ளுவது எனக்கே தெரிந்தது.

“டாக்டர கூப்டுங்க” என்றாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து சொல்ல என்னிடம் இன்னொரு சாக்கு இல்லை.

“கயட்டிக்கோ அண்ணி” என்றேன்.

மூன்று வாரமாகத் தூங்கும்போதுகூட அந்த சாக்ஸை நான் கழட்டியதில்லை. இடது பாதம் அவ்வளவு ஜில்லென்று கிடந்தது.