எட்டாவது பொருள்: சாக்கடை மூடி

கூட்டத்தின் எட்டாவது பொருளை ஏழு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நாற்பது நிமிடமாகச் சாக்கடை மூடியே ஓடிக்கொண்டிருந்தது.

பேசிக்கொண்டிருந்தவர் பதினொன்றாம் வார்டு. எங்கள் நகராட்சி மன்றத்தில் உறுப்பினர்களுக்குப் பெயர் கிடையாது, வார்டு எண்தான். வெளியே அவருக்குச் சிமெண்டுக் கடை. அடுத்தவர் பொருளுக்கு மன்றத்தில் அவர் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான்.

அன்று மூடியின் கனம், மூடியின் விட்டம், மூடி திருடு போகும் விதம் என்று ஒன்றுவிடாமல் பேசினார்.

தலைவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பன்னிரண்டு மணிக்குப் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கன்னத்தைக் கையில் தாங்கியபடி கடிகாரத்தையும் பதினொன்றாம் வார்டையும் மாறிமாறி முறைத்தார்.

என் கண் வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஏழாம் வார்டின் கட்டம் காலி.

நான் மன்ற எழுத்தர். கூட்டம் முடிந்தது என்று தலைவர் சொன்னதும், கையெழுத்துகளுக்குக் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போடுவது என் வேலை. கோடு விழுந்த பிறகு யாரும் கையெழுத்துப் போட முடியாது. தொடர்ந்து மூன்று கூட்டம் கட்டம் காலியாக இருந்தால் உறுப்பினர் பதவி போய்விடும்.

ஏழாம் வார்டுக்கு இது மூன்றாவது.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன். விடுப்புக் கடிதம் ஒன்று கொடுத்திருந்தால் போதும். லீவு எடுக்கவா எனக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று மறுத்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. உண்மையில் அது பயம். நான் எழுதும் கூட்டக் குறிப்பை இந்த மன்றத்தில் முழுசாகப் படிக்கிற ஒரே ஆள் அவர். தப்பைப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். அவரும் போய்விட்டால் நான் யாருக்காக எழுதுவது?

காலையில் மகள் வீட்டிலிருந்து அவரே ஃபோன் செய்திருந்தார். வரச்சொன்ன டாக்ஸி வரவில்லை, வேறு வண்டியும் கிடைக்கவில்லை. பதினெட்டு கிலோமீட்டர். அலுவலக ஜீப்போ பத்து நாளாக ஒர்க்ஷாப்பில். கூட்டம் தொடங்கும்போது தலைவரிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பதினொன்றாம் வார்டு அதுகூடச் செய்யவில்லை. வழக்கம்போல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கடைக்கு லோடு வருகிற நேரம்.

அவருக்கு ஏன் வருத்தம் இருக்கப் போகிறது? ஒன்பதாவது, கடைசிப் பொருள் அவருடையது. ஏழாம் வார்டு விளையாட்டுத் திடலில் கடைகள் கட்டுவது. இரண்டு முறை கொண்டுவந்தார். இரண்டு முறையும் டீச்சர் புட்டுப்புட்டு வைத்துக் கவிழ்த்தார். நான்கு வருடமாக இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டுவதாக இருந்தாலும் 'தலைவர் அவர்களே' வழியாகத்தான்.

இன்று டீச்சர் இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. மனுஷன் அதை எடுத்துச் சாப்பிடாமல் மூடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

"எட்டை முடிச்சிட்டு ஒம்போதுக்குப் போலாமேய்யா. அது உங்களோடதுதானே?" தலைவர் கெஞ்சினார்.

"ரெண்டே நிமிஷம் தலைவரே. மூடிக்குக் கைப்பிடி வைக்கறதப் பத்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

கைப்பிடி பதினோரு நிமிடம் போனது.

மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் நான் எழுந்தே விட்டேன்.

டீச்சர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கதவருகில்தான் என் மேஜை. பதிவேட்டை நீட்டினேன். கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆபீஸ் ஜீப் இல்லேன்னாலும் எப்படியோ ஒரு வண்டி பிடிச்சு அனுப்பிட்டியே தம்பி. நல்லா இருப்பே," என்றார் காதோடு.

நான் எந்த வண்டியும் அனுப்பவில்லை.

அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் திரும்பித் தன் இருக்கைக்கு நடந்தார். சேலையில் முதுகுப் பக்கமெல்லாம் சிமெண்டுத் தூசி.

பதினொன்றாம் வார்டு பேச்சைப் பாதியில் நிறுத்தி உட்கார்ந்திருந்தார். கைப்பிடி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

டீச்சர் உட்காரவில்லை. ஊன்றுகோலை மேஜையில் சாய்த்தார்.

"தலைவர் அவர்களே, மணி பன்னெண்டாகப் போவுது, இன்னும் எட்டாவது பொருள்லயே நிக்குது. பதினொன்னாம் வார்டு மன்றத்தோட நேரத்த வீணாக்குறார். இதக் குறிப்புல ஏத்தணும்."

தலைவர் கன்னத்தைப் பிடித்தபடியே தலையாட்டினார்.

நான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. பதினொன்றாம் வார்டைப் பார்த்தேன்.

ஒன்பதாவது பொருளின் காகிதங்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெம்பு. எழுது என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

ஓர் எழுத்து விடாமல் எழுதினேன். டீச்சர் பென்சிலோடு படித்துப் பார்ப்பார்.