ஒற்றைக் கை வேலை

மைக்ரோவேவ் ஓவனின் பிளக்கைப் பிடுங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தேன்.

வீட்டுக்காரர் வரதராஜுலு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் மனைவி ரங்கநாயகி அம்மா சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டார்.

நான் ஓவன் ரிப்பேர் செய்ய வந்தவன் அல்ல. மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்டு வந்தவன்.

பீளமேட்டில் இது ஒன்பதாவது வீடு. முந்தைய எட்டு வீடுகளிலும் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே ‘பேச்சிலரா?’ என்று கேட்டார்கள். நானும் நஞ்சுண்டனும் தங்கியிருந்த மேன்ஷனை இன்று சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் பார்க்கிங் கட்டப் போகிறார்கள். ஸ்கூட்டர்களுக்கு இடம் உறுதியாகிவிட்டது. எங்களுக்கு இன்னும் இல்லை.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது வரதராஜுலு மட்டும்தான்.

“என்ன படிக்கறீங்க தம்பி?”

“எலக்ட்ரிகல், கடைசி வருசமுங்க.”

“அப்படிங்களா. ஓவன் ஒண்ணு செத்துக் கெடக்குது. அதைப் பார்த்துக் குடுங்க. அப்பறம் ஊட்டைப் பத்திப் பேசலாம்.”

நான்கு வருடப் படிப்பில் கல்லூரி எனக்கு ஓவனைக் காட்டியதில்லை. லீவு நாட்களில் நான் வேலை பார்த்த உக்கடம் ஷாநவாஸ் பாய் ரிப்பேர் கடை காட்டியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர் என்ற ஒரு டப்பா கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், ஆளைக் கொல்லும் அளவுக்கு. பாய் கடையில் முதல் பாடம் அதுதான்.

“பத்து நிமிஷம் யாரும் தொடக் கூடாதுங்க” என்றேன்.

மூவரும் பத்து நிமிடம் ஓவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். இழவு வீட்டில்கூட யாராவது பேசுவார்கள்.

அவ்வளவு நேரமும் என் இடது கை பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. வீடு கேட்டு வந்தவன் வீட்டுக்காரர் முன்னால் அப்படி நிற்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எடுக்கவில்லை.

“கையில ஏதாச்சும் அடிங்களா கண்ணு?” என்றார் ரங்கநாயகி அம்மா.

“இல்லீங்கம்மா.”

“ஒண்ணுமில்ல. கலெக்டராட்ட நிக்கறீங்களேன்னு கேட்டேன்.”

பின்பக்கத் திருகுகளை ஒரே கையால் கழற்றினேன். தகர மூடியை நெஞ்சில் சாய்த்து, அதையும் ஒரே கையால் இறக்கினேன். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டேன். சில சமயம் ‘டப்’ என்று ஒரு பொறி பறக்கும். பறக்கவில்லை. மறுபடி தொட்டேன். நல்ல பிள்ளையாக இருந்தது.

கண்ணாடி ஃப்யூஸ் கருகியிருந்தது.

“இதே ஆம்பியர்ல ஒண்ணு வாங்கணுங்க.”

வரதராஜுலு சட்டைப் பையிலிருந்தே ஒன்றை எடுத்தார். வீட்டில் ஃப்யூஸும் பையுமாக உட்கார்ந்திருப்பவரை இன்றுதான் பார்த்தேன். ஏதோ பிரசாதம் போல இரண்டு கைகளாலும் நீட்டினார். நான் ஒரு கையால் வாங்கினேன்.

அவர் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் இருவரும் என் பாக்கெட்டைப் பார்த்தது புரிந்தது.

ஒன்பதாவது வீடும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஃப்யூஸை மாட்டி, மூடியைத் திருகி முடித்தேன்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ரங்கநாயகி அம்மா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“கண்ணாடி டம்ளர் இருந்தாக் குடுங்கம்மா. இதை உள்ள வச்சாத் தீபாவளிதான்.”

கண்ணாடி டம்ளர் அவருடைய இன்னொரு கையில், முதுகுக்குப் பின்னால், தண்ணீரோடு தயாராக இருந்தது.

பிளக்கை மாட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது. ஒரு நிமிடத்தில் தண்ணீரில் ஆவி பறந்தது.

வரதராஜுலு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கருகின ஃப்யூஸைப் போட்டு வச்சதே நான்தானுங்க தம்பி. கெப்பாசிட்டரையும் காலையிலயே காலி பண்ணிப்போட்டேன், பயப்படாதீங்க. முப்பது வருசம் மில்லுல எலக்ட்ரீசியனா இருந்தவனுங்க நான்.”

நான் ஓவனைப் பார்த்தேன். அது ‘பீப்’ என்றது.

“மாடியக் கேட்டு உங்களுக்கு முன்னாடி நாலு பேரு வந்தாங்க. அதுல ஒருத்தர் பிளக்கைப் புடுங்காமயே திருகைக் கழட்டறாருங்க.”

“நான்தான் ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணினேன்” என்றார் ரங்கநாயகி அம்மா.

“இன்னொருத்தர் போன்ல வீடியோவைப் போட்டாரு. ‘வணக்கம் நண்பர்களே’ன்னு சொன்னதுமே நான் எந்திரிச்சுட்டேன். ஆனா கரண்டு கிட்டப் போறப்ப ஒரு கையப் பாக்கெட்டுல போட்டுக்கணும்னு தெரிஞ்ச ஆளை இன்னிக்குத்தானுங்க பார்க்கறேன். ரெண்டு கையும் உள்ள இருந்தா, ஒண்ணுல ஏறி நெஞ்சு வழியா இன்னொண்ணுல எறங்கும். எங்க ஃபோர்மேன் இதுக்காகத் தலையிலயே கொட்டுவாரு. உங்களாட்ட ஆளு மாடியில இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

“நான் திமிருன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு” என்றார் ரங்கநாயகி அம்மா.

நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

வரதராஜுலு உள்ளே போய் மாடிச் சாவியை எடுத்துவந்தார். அதையும் இரண்டு கைகளாலும் நீட்டினார்.

“இப்பத்தான் கரண்டு இல்லீங்களே. ரெண்டு கையிலயும் வாங்கிக்குங்க.”

“பழகிப்போச்சுங்க ஐயா” என்று சொல்லி, வலது கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவர் மறுபடி மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். இந்த முறை பாராட்டு மாதிரி கேட்டது.

வீடு கேட்கப் போகும்போது கிழிந்த ஜீன்ஸ் ஆகாது என்று நஞ்சுண்டன் தன்னுடைய பேன்ட்டைக் கொடுத்திருந்தான். அவனுக்கு இடுப்பு முப்பத்தெட்டு. எனக்கு இருபத்தெட்டு.

பெல்ட் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். அது அவனிடம் இருந்தது.