மகள் பொறுக்கிய படங்கள்

பள்ளிப் புத்தகங்களுக்குப் பல வருடங்களாகப் படம் வரைந்துகொண்டிருந்த அம்மா, முதுகலை ஓவியப் படிப்புக்கு மூன்று கல்லூரிகளில் விண்ணப்பித்திருந்தாள். இன்று பதில் வரும் நாள். பத்தாவது படிக்கும் மகள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

“காலேஜ் போகப்போறது உங்கம்மாவா, நீயா? உக்காருடி, எனக்குத் தலை சுத்துது” என்றார் அப்பா.

“பயமா இருக்குப்பா.”

உள்ளே கம்ப்யூட்டர் முன்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “பக்கத்துல இருக்கிற ரெண்டு காலேஜும் கையை விரிச்சுட்டாங்க. நான் அனுப்பின படமெல்லாம் பாடப்புத்தகம் மாதிரியே இருக்காம்.”

மகளின் முகம் வெளுத்தது. “அப்போ அந்த மூணாவது?”

அது இருப்பது ரயிலில் ஒரு முழு நாள் தள்ளியிருக்கும் ஊரில். இரண்டு வருடம் விடுதியில்தான் தங்க வேண்டும்.

அம்மா ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். “கிடைச்சிருச்சுடி! வேலை தலைக்கு மேல இருக்குன்னு அதுக்கு மட்டும் உன்னைப் படம் பொறுக்கி அனுப்பச் சொன்னேன்ல? நான் கசக்கிப் போட்ட கிறுக்கலையெல்லாம் அனுப்பியிருக்க! அதுலதான் உயிர் இருக்காம். என் கண்ணுக்கே தெரியாதது உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?”

மகள் விம்மி விம்மி அழுதாள்.

“பாருங்க, என்னைவிட இவளுக்குத்தான் சந்தோஷம்” என்றபடி அம்மா பெட்டியைத் தேடி உள்ளே போனாள்.

மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா நம்மள விட்டுப் போயிடக் கூடாதுன்னு, இருக்கிறதிலேயே மோசமானதா பார்த்துத்தான்பா அனுப்பினேன்.”