தொந்தரவு செய்யாதீர்கள்

"அந்தத் தலையணையையும் கீழே தள்ளுங்க. சீக்கிரம்!"

காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஹோட்டல் அறைக்குத் திரும்பிய நூலகர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுருக்கமில்லாமல் அவர் பார்த்துப் பார்த்து விரித்துவிட்டுப் போன படுக்கை விரிப்பு தரையில் கிடந்தது. குளியலறையில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். அறை நடுவில் அவர் மனைவி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்து எதைக் கலைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முன்னாடி நீ மேலே வந்து கால் மணி நேரம்கூட ஆகலையே! உனக்கு என்ன ஆச்சு?"

"பத்தரைக்கு வந்து கதவைத் தட்டுவாங்க. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. நிக்காதீங்க, கை கொடுங்க."

"தட்டுவாங்களா? வெளியே அட்டை தொங்குதே!"

"அதை அப்பவே எடுத்துட்டேன்."

நூலகர் திரும்பிக் கதவின் கைப்பிடியைப் பார்த்தார். காலியாக இருந்தது. 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற அந்த அட்டையை நாலு நாளும் பல் தேய்ப்பதற்கு முன்பே மாட்டியவர் அவர். வந்த அன்றைக்கு, ஒல்லிக்குச்சியாக ஒரு தமிழ்ப் பெண் துண்டும் விரிப்பும் அடுக்கிய வண்டியைத் தம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. நம் அழுக்கை அந்தப் பிள்ளை ஏன் அள்ள வேண்டும்?

முப்பத்தொரு வருஷம் நூலகத்தில், 'எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்க' என்று சொல்லியே தலை நரைத்தவர். முதல் முறையாக வெளிநாட்டுக்கு வந்திருக்கிறார். தன்னால் இங்கே யாருக்கும் தூசியளவு சிரமமும் வரக்கூடாது என்பது அவர் எடுத்துக்கொண்ட விரதம். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்தார். நாலு நாளும் ஒரே துண்டைக் காயப்போட்டுத் துவட்டினார். கழிப்பறையைத் தானே தேய்த்தார்.

"வீட்டுல ஒரு டம்ளர் கழுவாத மனுஷன், காசைக் கொட்டிக் கடல் தாண்டி வந்து கக்கூஸ் கழுவுறார்டி" என்று மனைவி தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்ததைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. 'இப்படியும் ரெண்டு பேர் வந்து தங்கிட்டுப் போனாங்கப்பா' என்று ஹோட்டல்காரர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவருக்கு. மத்தியானம் கிளம்பப் போகிறார்கள். அந்த நல்ல பெயர் இப்போது கண்ணெதிரே நாறிக்கொண்டிருந்தது.

"யாராவது மரியாதை இல்லாம பேசிட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் யார் மேல கோபம்?"

"உங்க மேலதான்! பண்றதையெல்லாம் பண்ணிட்டு, பச்சப் புள்ள மாதிரி நின்னு கேக்குறதைப் பாரு."

"நானா? நான் என்னம்மா பண்ணேன்? சொல்லித் தொலையேன்."

"சொன்னா, மேனேஜருக்குக் கடிதம் எழுதுறேன்னு பேனாவைத் தேடுவீங்க. எழுதினப்புறம் எழுத்துப்பிழை பார்ப்பீங்க. அதுக்குள்ள காரியம் கெட்டுடும்."

சொல்லிக்கொண்டே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் கம்பளத்தில் நொறுக்கித் தூவினாள். அவர் மண்டியிட்டுப் பொறுக்கினார். அவள் பற்பசையைப் பிதுக்கிக் கண்ணாடியில் இழுத்தாள். அவர் தன் கைக்குட்டையால் துடைக்க ஓடினார். அவள் அதற்குள் அடுத்த மூலைக்குப் போயிருந்தாள்.

"அந்தக் குப்பைக்கூடையை இப்படிக் கொடுங்க."

நூலகர் பாய்ந்து அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இதை மட்டும் தொடாதே! காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, பழத்தோல் தனின்னு பிரிச்சு வெச்சிருக்கேன்." ஒரு அடி பின்வாங்கினார். "நாலு நாள் பாடு இது. போற நேரத்துல என் மானத்தை வாங்காதேம்மா. நாம போனப்புறம் அந்தப் பொண்ணு நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்?"

அந்தக் கேள்விக்கு அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வராந்தாவில் வண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினாள். சக்கரம் அவர்கள் கதவுக்கு நேராக வந்து நின்றது.

"உனக்குக் கொடுத்த வரிசையில ஆள் இருக்கிறதே இந்த ஒரு ரூம்லதான்" என்றது அதிகாரமான ஒரு பெண் குரல், அதுவும் தமிழில். "இவங்களும் நாலு நாளா உன்னை உள்ளே விடலை. உன் வேலை பிடிக்கலைன்னுதானே அர்த்தம்?"

"நான் ஒரு தப்பும் பண்ணலைங்க மேடம். தினமும் வருவேன், அட்டை தொங்கும், திரும்பிப் போயிடுவேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உன்னைச் சோதிச்சுப் பார்க்கக் கொடுத்த நாள் இன்னையோட முடியுது. ஒரு அறையை நீ முழுசா சுத்தம் பண்ணி நான் கண்ணால பார்க்கணும். இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"அந்தப் பொண்ணு லிஃப்ட் பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டிருந்தா. கேட்டதும் எல்லாத்தையும் சொன்னா" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"ஒரு நிமிஷம்!" என்று குரல் கொடுத்த நூலகர், நெஞ்சோடு அணைத்திருந்த குப்பைக்கூடையைக் கட்டிலின் நட்டநடுவில் தலைகீழாகக் கவிழ்த்தார். காகிதம், பிளாஸ்டிக், பழத்தோல் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நன்றாகக் கலந்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.