கை எடுக்கக் கூடாது

"வஞ்சூர் தாண்டுற வரைக்கும் மூங்கில்லேருந்து கையை எடுக்கக் கூடாது. எடுத்தே, அப்படியே ஊருக்குத் திரும்பிடு!"

பூவம் பாலத்து மேல நின்னு கோயில் உபதேசியார் தைரியநாதன் போட்ட சத்தத்துல மதலேன் சொல்லிக்கிட்டிருந்த ஜெபமாலையைப் பாதியில நிறுத்திட்டா.

ஏன்னா, சத்தம் அவ புருஷன் ராயப்பனுக்கு.

ரெண்டு மூங்கில், நடுவுல ஒரு பலகை, பலகை மேல மாதா சுரூபம். முன்பக்கம் உபதேசியார், பின்பக்கம் ராயப்பன். சீர்காழியிலேருந்து வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்கு நடக்கிற கூட்டம். நேத்து வரைக்கும் ஆள் மாத்தி ஆள்தான் தூக்குனாங்க. இன்னிக்கு மட்டும் இந்தப் புதுச் சட்டம்.

மதலேன் ஏற்கெனவே பயந்துதான் கெடந்தா. தமிழ்நாட்டுல மதுவிலக்கு இருந்த காலம் அது. பாலத்துக்கு அந்தாண்ட ஒரு சொட்டு கெடைக்காது. இந்தாண்ட காரைக்கால். பாண்டிச்சேரி சர்க்காரு. வஞ்சூர் எல்லை வரைக்கும் திரும்புன பக்கமெல்லாம் கடை.

ராயப்பன் குடியை விட்டு இன்னும் முழுசா ஒரு மாசம் ஆகல. டாக்டர் சொல்லிட்டாரு: "இனிமே ஒரு கிளாஸ் உள்ள போச்சுன்னா என்கிட்ட வராதம்மா. அடக்கத்துக்கு நேரா சாமியாரைப் போய்ப் பாரு."

அதுக்குத்தான் இந்த நேர்ச்சை, இந்த நடை எல்லாம். ஆனா வேளாங்கண்ணிக்குப் போகணும்னா காரைக்காலைத் தாண்டணுமே!

"சுத்திக்கிட்டுப் போக வேற வழி இல்லீங்களா?"ன்னு காலையிலயே உபதேசியார்கிட்ட கேட்டுப் பாத்தா.

"இருக்கு. கடல்ல எறங்கி நட"ன்னுட்டாரு.

கோட்டுச்சேரி வந்துச்சு. மொதல் கடை.

"வாங்க சாமி! ஒண்ணு போட்டா கால் வலி பறந்துடும்!"ன்னு கடைக்காரன் பாட்டா இழுத்தான்.

ராயப்பன் உதட்டை நக்கிக்கிட்டான். பலகை மேல மாதா லேசா ஆடுச்சு.

மதலேன் முன்னாடி ஓடினா.

"உபதேசியாரே, கொஞ்ச நேரம் வேற யாராச்சும் புடிக்கட்டுங்க. கீழ போட்டுடப் போறாரு!"

"வாயை மூடிக்கிட்டு ஜெபமாலை சொல்லு."

திரும்பிக்கூடப் பாக்கல மனுஷன்.

கூட வந்த லோகாம்பாளுக்கு ஆத்திரம் தாங்கல. மவளுக்குக் கொழந்தை பொறந்த வேண்டுதலுக்கு நடக்கிற பொம்பள அவ. "தின்னு கொழுத்த நாலு தடியனுவ கையை வீசிக்கிட்டு வர்றானுவ. இவரைப் போட்டு இந்த வதை வதைக்கிறாரு. குடிகாரன்னா எளக்காரம்டி!"

"சத்தமாப் பேசாதீங்கக்கா. கோவத்துல திருப்பி அனுப்பிட்டாருன்னா?"

திரும்புனா அவனை அவ ஒத்தையில கூட்டிக்கிட்டுத் திரும்பணும். இத்தனை கடையைத் தாண்டி.

தண்ணி கேட்டான் ராயப்பன். அதுக்கும் கையை எடுக்கக் கூடாதாம். கொழந்தைக்கு ஊத்துற மாதிரி மதலேன்தான் வாயில ஊத்தினா. உள்ளங்கை தோலு உரிஞ்சு மூங்கில்ல ரத்தம் ஒட்டியிருந்துச்சு. பாத்தும் பாக்காத மாதிரி வந்துட்டா.

காரைக்கால் கடைத்தெரு. மத்தியான நேரம். இருக்கறதுலயே பெரிய கடை. உள்ள நாக்காலி இழுக்கிற சத்தம், கிளாஸ் இடிக்கிற சத்தம், மீன் வறுக்கிற வாசனை. அதோட அந்த வாசனையும்.

சரியா அந்த வாசல்ல உபதேசியார் நின்னுட்டாரு.

சும்மா நின்னாரு. ஒரு அடி எடுத்து வைக்கல.

பின்பக்கம் ராயப்பனும் நின்னாகணுமே! அவன் கண்ணு கடைக்குள்ள போயிடுச்சு. மூங்கில்லேருந்து ஒரு வெரலு பிரிஞ்சுது. இன்னொரு வெரலு.

'வேணும்னே நிக்கிறாரு பாவி! சோதிச்சுப் பாக்குறாரு! மாதாவே, எந் தாலியைக் காப்பாத்து!' மதலேன் ஜெபமாலையை இறுக்கின இறுக்குல நூலே அறுந்துடும் போல இருந்துச்சு.

ராயப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். பிரிஞ்ச வெரலு திரும்பவும் மூங்கிலைப் புடிச்சுது.

"நடங்கண்ணே!"ன்னு அடித்தொண்டையிலேருந்து கத்தினான். கத்துனதோட மூங்கிலால ஒரே தள்ளு. உபதேசியார் தடுமாறி, ரெண்டு அடி தள்ளாடி, அப்புறம் ஓட்டமும் நடையுமாக் கெளம்பினாரு.

"மரியே!"ன்னான் ராயப்பன்.

"வாழ்க!"ன்னுது கூட்டம்.

அரசலாத்துப் பாலம், பட்டினம், வஞ்சூர். சோதனைச் சாவடியில போலீஸ்காரங்க ஒவ்வொருத்தர் மூட்டையையும் அவுத்துப் பாத்து அனுப்பினாங்க. அந்தாண்ட போயி, ஒரு வேப்பமரத்து நெழல்ல, "எறக்கு"ன்னாரு உபதேசியார்.

எறக்கியும் ராயப்பன் கையி மூங்கிலை விடல. விறைச்சுப் போச்சு. மதலேன் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சா. தோலு கையோட வந்துச்சு. அதுவரைக்கும் அடக்கி வச்சிருந்ததெல்லாம் ஒடைஞ்சுது.

"நீங்கள்லாம் மனுஷந்தானாய்யா? குடிகாரன்னா வலிக்காதா? அந்தக் கடை வாசல்ல நிறுத்தி வேடிக்கை பாத்தீங்களே, எம் புருஷன் உள்ள போயிருந்தா..."

"எப்படிம்மா போவான்?" உபதேசியார் கொரலு கம்மிப் போயிருந்துச்சு. "ரெண்டு கையும் மாதாகிட்ட மாட்டிக்கிட்டா, கிளாஸை எந்தக் கையால வாங்குறது?"

மதலேனுக்கு அப்பதான் புரிஞ்சுது. கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"அய்யா, என்னை மன்னிச்சுடுங்கய்யா! எம் புருஷன் ஒருத்தருக்காக, நீங்களும் வழி முச்சூடும் ஆள் மாத்தாமத் தூக்கிட்டு வந்தீங்களே..."

உபதேசியார் நிமிரல. அவரு கையும் இன்னும் மூங்கிலை விட்டபாடில்ல.

"பின்பக்கம் மட்டும்தான் ஒம் புருஷனுக்காக, தாயி. முன்பக்கம் எனக்காக."