கோப்பைத் திறந்தவர்கள்

"ப்ரின்ட் போடுங்க சார்!" என்று கத்திக்கொண்டே கம்ப்யூட்டர் அறைக் கதவைத் தள்ளினேன். அது சுவரில் மோதித் திரும்பி வந்து என் தோளிலேயே இடித்தது.

ஆமை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் ஆமைதான். முகத்துக்கு நேரே மட்டும் சார்.

"என்ன ப்ரின்ட்டும்மா?"

"என் தங்கச்சி ஃபைலை யார் யார் திறந்து பார்த்தாங்கன்னு லிஸ்ட். இப்பவே வேணும்."

போன் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா. எடுத்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க தங்கச்சி ரெண்டு வருஷமா வலிப்புக்கு மாத்திரை முழுங்கறாளாமே? ஃபைல் காப்பியே எங்க வீட்டு மேஜையில கெடக்கு. நிச்சயம் பண்ணினதை மறந்துடுங்க."

டொக்.

வீட்டில் அந்த விஷயம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கல்யாணம் முடிந்து ஆறு மாதம் போகட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தேன். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நான்தானே எல்லாம்?

இங்கே ரெக்கார்ட் பிரிவின் தலைமை நான். பத்தொன்பது வருடம். நோயாளியின் ரகசியம் என்று வந்துவிட்டால் எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. எந்தப் படிவத்திலும் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான் என்ற விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். டீக்கடையில் ஒரு நோயாளியைப் பற்றி வாய் விட்டதற்காக ஒரு வார்டு ஆயாவை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அழுதாள். நான் அசையவில்லை.

என் ஆஸ்பத்திரியிலேயே, என் தங்கையின் கோப்பிலேயே கை வைத்தால் சும்மா விடுவேனா?

கீழே இறங்கி வரும் வழியிலேயே ஒருத்தியைப் பிடித்து உலுக்கிவிட்டேன். மூன்றாவது மாடி நர்ஸ். மாப்பிள்ளை வீட்டுத் தெருவிலேயே குடியிருப்பவள். வேறு யாராக இருக்க முடியும்?

"அடுத்தவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு எப்படிடி உனக்குச் சோறு இறங்குது?" என்றேன், பத்துப் பேர் பார்க்க.

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நடிப்பு!

"கொஞ்சம் உட்காரும்மா" என்றார் ஆமை.

"உட்கார வரல. மூணாவது மாடி நர்ஸோட ஸ்டாஃப் நம்பர் அதுல இருக்கா, இல்லையா?"

அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். எனக்கு அந்த விரலை ஒடித்துவிடலாம் போலிருந்தது.

திரையில் வரிகள் வந்தன. அவர் படித்தார். பிறகு திரையைச் சுவர்ப் பக்கம் லேசாகத் திருப்பினார்.

"என்ன சார் மறைக்கிறீங்க?"

"அந்த நர்ஸ் இதைத் தொடவே இல்லம்மா. வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஆறு தடவை. மருந்துப் பிரிவு ஆறு தடவை. அவங்க பார்க்க வேண்டியவங்க. சம்பந்தமே இல்லாம பார்த்தது ஒரே ஆள்தான். பதினேழு தடவை."

"பதினேழா! யாரது? வேலையை விட்டே தூக்கறேன்!"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

என் பணியாளர் எண்.

ஒரே வரி, பதினேழு முறை.

"நான் அக்கா, சார்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. "கவலை இருக்காதா? பார்த்தேன். ஆனா யார்கிட்டயும் மூச்சு விடல. காப்பி வெளியே போயிருக்கே, அது யாரு?"

"அது திருட்டுத்தனமா போகல. நோயாளியே எழுதிக் கேட்டிருக்காங்க. முறைப்படி அனுமதியும் ஆகியிருக்கு."

"எவன் அனுமதி கொடுத்தான்?"

ஆமை அலமாரியைத் திறந்தார். தேடி ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். தேதி, போன திங்கள். மேலே பெயர் இல்லை, எண் மட்டும். என் விதிப்படி.

கீழே என் முத்திரை. என் கையெழுத்து.

தினமும் காலையில் முப்பது படிவத்துக்கு முத்திரை குத்திவிட்டுத்தான் டீயைத் தொடுவேன். பெயர் இல்லாத காகிதத்தை யார் படித்துக்கொண்டிருப்பது?

இப்போது படித்தேன்.

கேட்டிருந்தது இரண்டு. ஒன்று, கோப்பைத் திறந்தவர்களின் பட்டியல், நேரில் பெற்றுக்கொள்ள. இன்னொன்று, கோப்பின் நகல், தபாலில். தபாலுக்கான விலாசம் மாப்பிள்ளை வீடு.

அப்படியானால் இந்தப் பட்டியல் ஏற்கெனவே அவள் கையில் இருக்கிறது. பதினேழு வரியும்.

காரணம் என்ற கட்டத்தில், நான் கைபிடித்து எழுதப் பழக்கிய அதே குண்டு எழுத்து. நிதானமாக, ஒரு அடித்தல்கூட இல்லாமல்:

'எனக்கு இந்த நோய் இருப்பதை வீட்டில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். எனக்கு நிச்சயமானவருக்காவது நானே முதலில் சொல்லிக்கொள்கிறேன்.'