வேறு மாத்திரை

காசநோய்க்கு மாத்திரை எழுதிய அன்று, "வேற மாத்திரை எதுவும் போடுறியா?" என்று டாக்டரம்மா கேட்டார். பூரணி இல்லை என்றாள். மூன்றாம் மாதம் வாந்தி வந்தது. சோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா அவள் கணவனை வெளியே அனுப்பினார்.

"கருத்தடை மாத்திரை போட்டியா?"

"ஒருநாள்கூட விடலை."

"டிபி மாத்திரை அதை வேலை செய்ய விடாதும்மா. அன்னிக்கே கேட்டேனே, ஏன் சொல்லலை?"

"பக்கத்துல அவரு இருந்தாரு."

வெளியே அவன் போனில் கத்தினான்: "வாந்தியெடுக்குறாம்மா! கண்டிப்பா அதுதான், பேரு யோசிச்சு வை!"

பூரணி எழுந்து கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. முதுகை அதில் அழுத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வேணாம்னா, எத்தனை நாளைக்குள்ள சொல்லணும்?"

கதவு வெளியிலிருந்து ஒருமுறை அசைந்தது.